பாத்ரூம் தரையிலிருந்து கீழ் வீட்டுக்குத் தண்ணி இறங்குது: டைல்ஸை உடைக்காம வழி இருக்கா?

பெரம்பூர்_மாடிவீடு:

வணக்கம். பெரம்பூர்ல மூணு மாடி அபார்ட்மெண்ட், எங்களுது முதல் மாடி. கட்டி 11 வருஷம் ஆகுது. எங்க பாத்ரூமுக்கு நேர் கீழ இருக்கற வீட்டு பாத்ரூம் சீலிங்ல ஓதம் பரவி, காரை பொரிஞ்சு உதிர ஆரம்பிச்சிருக்கு. இப்ப அவங்க ஹால் சுவர்லயும் சீலிங்கை ஒட்டி ஒரு அடிக்கு பெயிண்ட் கொப்பளிச்சு நிக்குது.

விவரம் இதுதான். பாத்ரூம் 8-க்கு 5 அடி. சன்கன் ஸ்லாப், அதாவது தளத்தையே ஒரு அடி பள்ளமா இறக்கிக் கட்டினது, உள்ள செங்கல் ஜல்லி நிரப்பியிருக்கு. தரையில ஒரு அடிக்கு ஒரு அடி மேட் ஃபினிஷ் விட்ரிஃபைட் டைல், சுவர்ல 7 அடி வரைக்கும் செராமிக். ஷவர் ஒரு மூலையில, அதுக்குக் கீழயே நானி டிராப் (தரைத் தண்ணி வடியற வாய்). வெஸ்டர்ன் டாய்லெட் எதிர் மூலையில. பைப் எல்லாம் சுவருக்குள்ள சிபிவிசி (சூடு தாங்கற பிளாஸ்டிக்). போர் தண்ணிதான், உப்பு ஜாஸ்தி. டைல்ல வெள்ளை வெள்ளையா படியறதால மாசம் ஒரு தடவை ஆசிட் ஊத்தித் தேய்க்கறோம்.

4 நாள் வீட்டைப் பூட்டி வெச்சப்ப கீழ சொட்டறது குறைஞ்சது, ஆனா முழுசா நிக்கல. வந்து பார்த்தவங்கள்ல ஒருத்தர் மொத்தத்தையும் உடைக்கணும்னார். இன்னொருத்தர் டைல் மேல ஒரு கெமிக்கல் பூசினா போதும்னார். எதை நம்பறது?

ராயபுரம்_சிவில்:

இரண்டு பேரும் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்க்காமலே வைத்தியம் சொல்லியிருக்கிறார்கள். முதலில் வழியைக் கண்டுபிடியுங்கள். உடைப்பதா, எவ்வளவு உடைப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

அதற்கும் முன்னால் ஒரு காரியம்: கீழ் வீட்டு பாத்ரூம் சீலிங்கில் லைட் பாயிண்டோ, எக்ஸாஸ்ட் ஃபேன் ஒயரோ இருந்தால் அதற்கான எம்சிபியை (மின்பெட்டியில் உள்ள ஸ்விட்ச்) இன்றைக்கே இறக்கி வைக்கச் சொல்லுங்கள். ஓதம் ஏறிய கான்க்ரீட்டுக்குள் ஓடும் ஒயரை நம்பக்கூடாது.

4 நாள் பூட்டியும் சொட்டு நிற்காததால் பைப் உடைந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உங்கள் சன்கன் பள்ளம் 40 கன அடி, அதாவது சுமார் 1,130 லிட்டர் கொள்ளும் தொட்டி. செங்கல் ஜல்லிக்கு இடையில் மூன்றில் ஒரு பங்கு காலி என்று வைத்தாலும் 375 லிட்டர் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே நிற்கலாம். மேலே கசிவை அடைத்த பிறகும் அது வாரக்கணக்கில் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். சரியாகச் செய்த வேலையைக்கூட "ஒழுங்கா பண்ணல" என்று மறுபடி உடைப்பது பெரும்பாலும் இதனால்தான்.

தண்ணீர் இறங்க நான்கு வழிகள் உண்டு: அழுத்தத்தில் இருக்கும் பைப், டிராப்புக்குக் கீழே போகும் கழிவுக் குழாய், தரை டைலும் அதன் இணைப்புகளும், ஷவர் சுவர். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் நனைத்தால் எதுவும் தெரியாது.

பாத்ரூமை 3 நாள் உபயோகிக்காமல் விடுங்கள். கீழே ஓதத்தின் விளிம்பைப் பென்சிலால் சுற்றி வரைந்து தேதி போடுங்கள். சொட்டு விழும் இடத்தில் ஒரு மக்கை வைத்து, 12 மணி நேரத்துக்கு எவ்வளவு சேர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவுதான் உங்கள் அடிப்படை. இனி ஒவ்வொரு சோதனையிலும் அது கூடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பைப் சோதனையைப் பற்றி பிளம்பிங் தெரிந்தவர்கள் எழுதட்டும். கழிவுக் குழாய்க்கு, ஒரு டியூபை டிராப் வாய்க்குள் நன்றாக இறக்கி, சுற்றியுள்ள டைல் துளியும் நனையாமல் 5 பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். அதில் சிவப்பு ஃபுட் கலர் கலந்திருக்கட்டும். ஒரு நாள் காத்திருங்கள்.

தரையை இரண்டாகப் பிரித்துச் சோதிப்பதுதான் இதில் முக்கியம். விநாயகர் பொம்மைக்கு வாங்குவோமே, கொசப்பேட்டையில் கிடைக்கும் அந்தக் களிமண்ணைப் பிசைந்து, டிராப் ஜாலியைச் சுற்றி அரை அடி தள்ளி 2 அங்குல உயரத்துக்கு வட்டமாக ஒரு வரப்பு கட்டுங்கள். அதே உயரத்துக்கு வாசற்படியிலும் ஒன்று. வரப்புக்கு வெளியே மட்டும் 25 மி.மீ. தண்ணீர் நிறுத்துங்கள், 80, 90 லிட்டர் பிடிக்கும், தளத்துக்கு இந்தப் பாரம் ஒன்றும் இல்லை. இதில் மஞ்சள் ஃபுட் கலர். 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் ஓரிரு மி.மீ. இறங்கினால் அது ஆவியானது, கவலை வேண்டாம்.

அடுத்த கட்டத்தில் தண்ணீரை வழித்தெடுத்து, டிராப்பின் தொண்டையைப் பாலித்தீனில் சுற்றிய துணி உருண்டையால் ஜாலி விளிம்புக்குக் கீழே அடைத்து, வரப்புக்கு உள்ளே மட்டும் சொட்டு நீலம் கலந்த தண்ணீரை நிறுத்துங்கள். கீழே மஞ்சள் வந்தால் தரை, நீலம் வந்தால் டிராப் கழுத்து, அதாவது டிராப் வாயும் தரையும் சேரும் இடம். ஜல்லிக்குள் வடிந்து வருவதால் நிறம் வெளுத்துத்தான் வரும். வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள்.

சுவருக்குக் கடைசியில் போகலாம். ஷவர் தண்ணீரைச் சுவரில் மட்டும், கீழிருந்து மேலாக, இரண்டு அடிக்கு 20 நிமிடம் என்று அடியுங்கள். டிராப் திறந்தே இருக்கட்டும்.

வியாசை_பிளம்பிங்:

பைப் விஷயம் நான் சொல்றேன். மூணு மாடிக் கட்டடத்துல மேல் டேங்கிலேருந்து முதல் மாடிக்கு வர்ற அழுத்தம் ஒரு கிலோவுக்குக் கிட்டத்தான் (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோன்னு அர்த்தம், 10 மீட்டர் உயரத்துக்கு 1 கிலோ கணக்கு). அந்த அழுத்தத்துல ஊசி ஓட்டை சட்டுனு தெரியாது. அதனால கை பம்பும் கேஜும் வெச்சு டெஸ்ட் பண்ற பிளம்பரைக் கூப்பிடுங்க. பாத்ரூம் வால்வை மூடிட்டு, ஷவர் கை, டேப்பு, ஹெல்த் ஃபாசெட் பாயிண்ட் எல்லாத்துலயும் எண்ட் பிளக் போடணும். கீசர் லைனைக் கழட்டி அந்த ரெண்டு முனையையும் அடைச்சிடணும், கீசரோட சேர்த்து அழுத்தம் ஏத்தக் கூடாது. 11 வருஷ லைனுக்கு 5 கிலோ போதும். 2 மணி நேரம் முள்ளு அசையாம நின்னா பைப் நல்லா இருக்கு. சூடு லைன், பச்சைத் தண்ணி லைன் ரெண்டையும் தனித்தனியா பாருங்க. சூடும் பச்சையும் கலக்கற டைவர்ட்டர் வால்வு திறந்திருந்தா ரெண்டும் ஒண்ணாயிடும், எது ஒழுகுதுன்னு தெரியாது.

முள்ளு இறங்கினா முதல்ல சந்தேகப்பட வேண்டியது ஷவர் பக்கம் பித்தளை மரையும் சிபிவிசியும் சேர்ற இடம். டெஃப்லான் டேப்பை ஏகத்துக்குச் சுத்தி முறுக்கினா அந்த ஃபிட்டிங் மயிரிழைக்கு விரிசல் விட்டுடும். போட்ட அன்னிக்கு ஒழுகாது, பல வருஷம் கழிச்சு ஆரம்பிக்கும்.

இன்னொண்ணு, டாய்லெட்டைத் தரையில நிறுத்தற ரெண்டு போல்ட். கோப்பையை வெச்சு, 8 மி.மீ. பிட்டுல டைலைத் துளைச்சு, ராவல் பிளக் அடிச்சுட்டுப் போயிடுவாங்க. அந்தத் துளை நேரா வாட்டர்ப்ரூஃபிங் பூச்சையும் கிழிச்சுட்டுப் போகும். போல்ட்டைக் கழட்டி, துளைக்குள்ள தண்ணி நிக்குதான்னு துணித் திரியை விட்டுப் பாருங்க. திரும்பப் போடறப்ப துளை நிறைய நியூட்ரல் சிலிக்கோன் அடிச்சுட்டு போல்ட்டை இறக்குங்க.

ஆனா நீங்க சொன்னதை வெச்சுப் பார்த்தா எனக்கு டிராப் கழுத்து மேலதான் சந்தேகம். பிவிசியில சிமெண்ட் ஒட்டாது. டிராப் வாயைச் சுத்தி வெறும் சாந்தை வெச்சு மேல ஜாலியை உட்கார வெச்சிருப்பாங்க. சாந்து காய்ஞ்சு சுருங்கினதும் பிவிசிக்கும் அதுக்கும் நடுவுல ஒரு நூல் இடைவெளி விழும். குளிக்கற தண்ணி அத்தனையும் அங்கதானே வந்து சேருது? பாதி டிராப்புக்குள்ள போகும், கொஞ்சம் டிராப்புக்கு வெளிப்பக்கமா இறங்கி ஜல்லிக்குள்ள போயிடும்.

கொளத்தூர்_டைல்ஸ்:

அந்த ஆசிட்டை இன்னிக்கே நிறுத்துங்க. உப்புத் தண்ணிக்கு வெள்ளை படியறது சகஜம். ஆனா ஆசிட் அந்தப் படிவத்தைக் கரைக்கற அதே வேகத்துல டைல் இடுக்குல இருக்கற சிமெண்ட் பாயிண்டிங்கையும் கரைக்குது. டைல் கண்ணாடி மாதிரி ஆகும், இடுக்கு மட்டும் உள்வாங்கிக்கிட்டே போகும். ஒரு குண்டூசியை பாயிண்டிங்ல குத்திப் பாருங்க. நறநறன்னு பொடியா உதிர்ந்து 3, 4 மி.மீ. உள்ள போனா, அது தண்ணியைத் தடுக்கற வேலையை எப்பவோ விட்டுடுச்சு.

டைல் மேல கெமிக்கல் பூசறது பத்தி: அந்தத் தண்ணி மாதிரி சீலர் மயிரிழைத் துவாரத்துக்குள்ள போய் கொஞ்ச நாள் தண்ணியைத் தள்ளும். கரைஞ்சுபோன இடுக்கையோ, டிராப் கழுத்துல இருக்கற ஓட்டையையோ அது அடைக்காது. விட்ரிஃபைட் டைல் நீரை உறிஞ்சறது எடையில அரை சதவீதத்துக்கும் கீழ. அதுக்குள்ள எதுவும் இறங்கவும் இறங்காது. டைல்ல பூசற காசு வீண்.

ஒரு ரூபாய் நாணயத்தால தரையைத் தட்டிக்கிட்டே வாங்க. கல்லு மாதிரி கணீர்னு இருந்தா சரி. பொள்ளலாச் சத்தம் வர்ற டைல்ல சாக்பீஸால பெருக்கல் குறி போடுங்க. விட்ரிஃபைடை வெறும் சிமெண்ட் பால் ஊத்தி ஒட்டினா நாளடைவுல விட்டுடும், அடியில வெற்றிடம் விழும், அங்க தண்ணி தேங்கும். குளிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு டைலை மிதிச்சா இடுக்குல தண்ணி கொப்பளிக்குதான்னும் பாருங்க.

பெரம்பூர்_மாடிவீடு:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொண்ணா செஞ்சு பார்த்துட்டேன்.

பைப்: ரெண்டு லைனும் 5 கிலோவுல 2 மணி நேரம் நின்னுது, முள்ளு இறங்கல.
டிராப்புக்குள்ள நேரா ஊத்தினது: 24 மணி நேரத்துல கீழ மாற்றம் இல்ல, சிவப்பும் வரல.
வரப்புக்கு வெளிய மஞ்சள் தண்ணி: 24 மணி நேரம். சொட்டு கூடல. மட்டம் 2 மி.மீ. இறங்கிச்சு.
வரப்புக்கு உள்ள நீலம்: ரெண்டு மணி நேரத்துல மட்டம் ஒரு விரல் இறங்கிடுச்சு. நாலாவது மணி நேரத்துல கீழ சொட்டு வேகமாச்சு, துணியில வெளிர் நீலம் தெரிஞ்சுது.
டாய்லெட் போல்ட் துளை ரெண்டும் காய்ஞ்சிருக்கு. சுவரை நனைச்சதுல ஒண்ணும் இல்ல.
பொள்ளல் சத்தம்: ஷவர் மூலையில 3-க்கு 3 அடியில மொத்தம் 7 டைல். மத்த இடம் நல்லா இருக்கு. பாயிண்டிங் எல்லா இடத்துலயும் குண்டூசிக்கு உதிருது.

அப்ப டிராப்பைச் சுத்தி மட்டும் உடைச்சா போதுமா?

ராயபுரம்_சிவில்:

நீலம் வந்துவிட்டது என்றால் சந்தேகமே இல்லை, டிராப் கழுத்துதான். ஷவர் மூலையில் 3-க்கு 3 அடி, ஒன்பது டைல், இரண்டு சுவரிலும் அடி வரிசை ஒன்று. இதற்கு மேல் இப்போது கை வைக்க வேண்டாம். வேலையை இந்த வரிசையில் வாங்குங்கள்.

உடைக்கும் பகுதியின் எல்லை இடுக்கை முதலில் கட்டிங் மிஷினால் அறுத்துவிட வேண்டும். அறுக்காமல் உளியை வைத்தால் அதிர்வில் பக்கத்து நல்ல டைலும் விட்டுவிடும். டைலையும் அடிச்சாந்தையும் எடுத்துவிட்டு, டிராப்பைச் சுற்றி 4 அங்குல அகலத்துக்கு ஜல்லி தெரியும் வரை தோண்டுங்கள். டிராப் உடம்பில் விரிசல் இருந்தால் மாற்ற இதுதான் சமயம். அசைந்தால், அடியில் சாந்து வைத்து ஆடாமல் உட்கார வையுங்கள். ஆடுகிற டிராப்பைச் சுற்றி எதைப் பூசினாலும் விண்டுவிடும்.

டிராப் வாய் டைல் மட்டத்தில் முடியக்கூடாது. டைலுக்குக் கீழே உள்ள தளப்பூச்சு மட்டத்தில் முடிய வேண்டும். அதிகமாக நிற்பதை அறுத்துவிடுங்கள். பிவிசியின் வெளிப்பக்கத்தையும் வாயின் உட்பக்கத்தில் ஒரு அங்குலத்தையும் 80 நம்பர் உப்புத்தாளால் மினுமினுப்பு போகத் தேயுங்கள். வெளிப்பக்கத்தில் பிவிசி சால்வெண்ட் சிமெண்டைத் தடவி, அது ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மணலைத் தூவி அழுத்துங்கள். மறுநாள் தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். இப்போது சாந்து அதைப் பிடித்துக்கொள்ளும். ஐந்து நிமிட வேலை, ஆனால் முன்னே நின்று கேட்டு வாங்கினால்தான் செய்வார்கள்.

பள்ளத்தை 1-க்கு 3 சிமெண்ட் மணல் கலவையில், எஸ்பிஆர் லேடெக்ஸ் (சாந்தோடு கலக்கும் ரப்பர் பால் போன்ற திரவம்) சேர்த்து நிரப்புங்கள். லேடெக்ஸ் அளவு சிமெண்ட் எடையில் 10 முதல் 20 சதவீதம். நிரப்பும்போதே டிராப் வாயைச் சுற்றி 10 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் விட்டுவைத்து, காய்ந்த பிறகு அதில் பியூ (பாலியூரித்தேன்) சீலண்ட் அடியுங்கள். பிவிசி சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும், சாந்து அப்படி அசையாது. நடுவில் ரப்பர் போல ஒன்று இருந்தால்தான் இரண்டும் பிரியாது. சுவரும் தரையும் சேரும் மூலையில் அதே கலவையால் 25 மி.மீ. சாய்வாக உருட்டிவிடுங்கள். செங்குத்து மூலையில் பூச்சு எப்போதும் மெலிந்துதான் நிற்கும், அங்கேதான் முதலில் கிழியும்.

பிறகு இரண்டு பாகமாக வரும் அக்ரிலிக் சிமெண்ட் பூச்சு. பொடியைத் திரவத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கலக்க வேண்டும், திரவத்தைப் பொடியில் ஊற்றினால் கட்டி விழும். தண்ணீர் சேர்க்கவே கூடாது. தளத்தை நனைத்து, மேலே நிற்கும் தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டு முதல் கோட். அது ஈரமாக இருக்கும்போதே மூலைகளிலும் டிராப் வாயிலும் கண்ணாடி இழை வலையைப் பதியுங்கள். டிராப்பில் வலையைப் பூ இதழ் மாதிரி வெட்டி, இதழ்களை வாய்க்குள்ளே ஒரு அங்குலம் மடக்கி ஒட்ட வேண்டும். பூச்சு டிராப்புக்குள் இறங்கி முடிந்தால்தான் டைலுக்கு அடியில் வரும் தண்ணீர் டிராப்புக்குள் விழும். விளிம்பிலேயே நின்றுவிட்டால் பழைய கதைதான். முதல் கோட் போட்டு 4 முதல் 6 மணி நேரத்தில் இரண்டாவது, குறுக்குவாட்டில். உடைக்காத பக்கத்து டைலின் வெட்டுமுகத்திலும், அதன் அடிச்சாந்து வெட்டுமுகத்திலும் பூச்சு ஏறட்டும்.

இதற்குத் தண்ணீர் கட்டி கியூரிங் கிடையாது. நம் கொத்தனார்கள் பழக்கதோஷத்தில் மறுநாளே நனைத்துவிடுவார்கள், பூச்சு பசையாகிக் கையோடு வந்துவிடும். 3 நாள் காற்றில் காயட்டும். பிறகு டிராப்பை அடைத்து, களிமண் வரப்பு கட்டி, 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்துங்கள். டைல் ஒட்டுவதற்கு முன்னால் இந்தச் சோதனை முடிந்தே ஆக வேண்டும்.

எந்தக் கலவைக்கும் உங்கள் போர் தண்ணீர் வேண்டாம். கான்க்ரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456, கம்பி உள்ள கான்க்ரீட்டுக்குக் கலவைத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி. தாண்டக் கூடாது என்கிறது. மெட்ரோ வாட்டர் நான்கு குடம் பிடித்து வைத்தால் இந்த வேலைக்குப் போதும்.

கொளத்தூர்_டைல்ஸ்:

முறை சரி. ஆனா உள்ள ஏற்கெனவே ஊறிக் கெடக்கற ஜல்லியை என்ன பண்றதுன்னு சொல்லலையே? மேல அடைச்சுட்டா அந்தத் தண்ணிக்கு இருக்கற ஒரே வழி கீழ் வீட்டு சீலிங்தான். என்னைக் கேட்டா மொத்த ஜல்லியையும் அள்ளிட்டு, பள்ளத்துக்கு அடியிலயும் பக்கத்துலயும் பூசி, செங்கல் கால் வெச்சு கடப்பா கல் மூடி, மேல தளம் போட்டுடறதுதான் நிரந்தரம். பாரமும் குறையும்.

ராயபுரம்_சிவில்:

புதிதாகக் கட்டுபவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். இவருக்குத் தரை முழுவதும் மஞ்சள் சோதனையில் தேறியிருக்கிறது. 40 கன அடி ஜல்லியை அள்ளினால் ஒரு டன்னுக்கு மேல் வரும்; மாடிப்படியில் சாக்கு சாக்காக இறக்கணும், டாய்லெட், பைப் எல்லாம் கழட்டணும். அதைச் செய்ய இப்போது அவசியம் இல்லை.

தேங்கியதை வடிக்க வேறு வழி உண்டு. பாத்ரூமின் வெளிச்சுவர் ஷாஃப்ட் (குழாய்கள் இறங்கும் திறந்த சந்து) பக்கம் இருந்தால், பள்ளத்தின் அடிமட்டத்துக்கு ஒரு அங்குலம் மேலே, வெளியிலிருந்து கோர் கட்டிங் மிஷினால் துளை போட்டு, 40 மி.மீ. பிவிசி துண்டை வெளிப்பக்கம் வாட்டமாகச் சொருகிவிடலாம். முதல் நாள் பாதி பக்கெட் கறுப்புத் தண்ணீர் வந்தாலும் ஆச்சரியமில்லை. உள் முனையில் வலை கட்டுங்கள், இல்லாவிட்டால் ஜல்லிப் பொடி அடைத்துக்கொள்ளும். பீமில் மட்டும் துளை விழக் கூடாது. கீழ் வீட்டிலிருந்து பீமின் அடிமட்டத்தையும் தளத்தின் மட்டத்தையும் அளந்து, சிவில் தெரிந்த ஒருவரை வைத்துக் குறித்த பிறகுதான் மிஷின். பள்ளத்தைச் சுற்றி நான்கு பக்கமும் பீமாக இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள், தானாக வடியும் வரை பொறுப்பதுதான் வழி. அந்தக் குழாய் நிரந்தரமாக இருக்கட்டும். பின்னாளில் எப்போதாவது அதில் சொட்டு வந்தால், கீழ் வீட்டுக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வியாசை_பிளம்பிங்:

டிராப்புக்கு ஒண்ணு சேர்த்துக்கறேன். வாயைத் தள மட்டத்துல நிறுத்தினதும், மேல ஒரு ரைசர் துண்டு வெச்சு அது மேல ஜாலி உட்காரும். அந்த ரைசரோட அடிப்பக்கத்துல சுத்திவர நாலு இடத்துல 6 மி.மீ. துளை போடுங்க. டைலுக்கு அடியில வடிஞ்சு வர்ற தண்ணி அந்தத் துளை வழியா டிராப்புக்குள்ள விழுந்துடும். துளைக்கு முன்னாடி ஒரு பிடி பேபி ஜல்லியை வெச்சுட்டு சாந்து போடுங்க. வெறும் சாந்தை வெச்சா அன்னிக்கே அடைஞ்சுடும், துளை போட்டதுக்கு அர்த்தமே இல்ல.

பெரம்பூர்_மாடிவீடு:

வெளிச்சுவர் ஷாஃப்ட் பக்கம்தான், அந்தப் பக்கம் பீம் பள்ளத்துக்குக் கீழயே முடியுது, இன்ஜினியர் ஒருத்தர் வந்து குறிச்சுக் கொடுத்துட்டார். கடைசியா மூணு கேள்வி. என்னென்ன எவ்வளவு வாங்கணும்? தரை முழுக்க பாயிண்டிங் மாத்தறது எப்படி? கீழ் வீட்டு சீலிங்கை எப்ப சரி பண்ணலாம்? அவங்க பொங்கலுக்கு முன்னாடி பெயிண்ட் அடிக்கணும்னு கேக்கறாங்க.

கொளத்தூர்_டைல்ஸ்:

கணக்கு: தரை 9 சதுர அடி, ரெண்டு சுவர்லயும் ஒரு அடி உயரத்துக்கு 6, மொத்தம் 15 சதுர அடி, 1.4 சதுர மீட்டர். ரெண்டு கோட்டுக்கு சதுர மீட்டருக்கு 2 கிலோன்னு வெச்சா 3 கிலோ பூச்சு. பியூ சீலண்ட் 300 மி.லி. டியூப் ஒண்ணு. வலை ரெண்டு மீட்டர். விட்ரிஃபைடுக்குன்னு இருக்கற டைல் அட்ஹெசிவ் 20 கிலோ பை ஒண்ணு, மீதிதான் ஆகும். பையில ஐஎஸ் 15477 நம்பர் போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க. அதே கலர் டைல் கிடைக்கலைன்னா கவலைப்படாதீங்க, அளவும் தடிமனும் ஒத்துப்போகணும். பல்லுக் கரண்டியால இழுத்து, டைல் முதுகு முழுக்கப் பசை படணும். நடுவுல அஞ்சு உருண்டை வெச்சு ஒட்டற பழக்கத்தை அனுமதிக்காதீங்க. வாட்டம் மீட்டருக்கு 10 முதல் 12 மி.மீ., டிராப்பைப் பார்த்து. ரசமட்டம் வெச்சே பாருங்க.

தரை முழுக்க இடுக்குல சிமெண்ட் பாயிண்டிங்குக்குப் பதிலா எபாக்சி கிரவுட் (ரெசின் கலவை) போடுங்க, சுவர் அடி வரிசையும் சேர்த்து. 3 மி.மீ. இடுக்கு, 6 மி.மீ. ஆழம்னா உங்க தரைக்கு ஏறக்குறைய 800 கிராம். ஒரு கிலோ கிட் ரெண்டு வாங்குங்க. பழைய பாயிண்டிங்கை மெல்லிய டைமண்ட் பிளேடால, டைல் தடிமன்ல மூணுல ரெண்டு பங்கு ஆழத்துக்கு எடுக்கணும். மேலோட்டமா சுரண்டிட்டு மேல தடவினா எபாக்சி தோலா உரிஞ்சு வரும். இடுக்கே இல்லாம நெருக்கி ஒட்டியிருந்தா அறுத்து 2 மி.மீ. ஆவது பண்ணணும். தூசியை வேக்குவம் போட்டு எடுத்துட்டு, ரெண்டு நாள் ஃபேன் வெச்சு உலர்த்துங்க. ஈர இடுக்குல எபாக்சி பிடிக்காது.

ரெசினையும் ஹார்டனரையும் முதல்ல கலக்கி, அப்புறம்தான் பொடி. ஒரு கிட்டை முழுசா கலக்கணும், கண்ணளவுல பாதி பாதியா கலந்தா சில இடம் இறுகாமலே நின்னுடும். சென்னை வெயிலுக்கு மதியம் வேண்டாம், கலவை டப்பாவுக்குள்ளயே சூடேறி இறுகிடும். காலைல 7 மணிக்கு ஆரம்பிங்க. ரெண்டு சதுர மீட்டர் போட்டதும் நிறுத்தி, 15, 20 நிமிஷத்துக்குள்ள ஈர ஸ்பாஞ்சால டைல் மேல இருக்கறதைத் துடைச்சிடுங்க. மேட் டைல்ல காய விட்டா அந்தப் படலம் போகவே போகாது. சுவரும் தரையும் சேர்ற மூலையில மட்டும் எபாக்சி வேண்டாம், அங்க நியூட்ரல் சிலிக்கோன். ரெண்டும் தனித்தனியா அசையற இடம், இறுகினது எதுவும் அங்க விண்டுடும். ஒரு நாளைக்கு மிதிக்காதீங்க, 3 நாளைக்கு ஷவர் போடாதீங்க. இனிமே கழுவறதுக்கு சோப்புத் தண்ணியும் பிரஷ்ஷும் போதும். குளிச்சதும் வைப்பரால தண்ணியைத் தள்ளிட்டா உப்பு படியறதே பாதியாக் குறையும்.

ராயபுரம்_சிவில்:

சீலிங்குக்கு அவசரப்பட வேண்டாம் என்று அவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மேலே வேலை முடிந்து, வடிகுழாயில் சொட்டு நின்று, பென்சில் கோடு இரண்டு வாரம் நகராமல் இருந்த பிறகுதான் அங்கே தொடலாம். ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீனை நான்கு ஓரமும் டேப் ஒட்டி சீலிங்கில் பதியுங்கள். ஒரு நாள் கழித்து உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. இப்போது மழைக்காலம் வேறு, காய்வதற்கு வழக்கத்தைவிட நாளாகும். ஈரத்தின் மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் பொங்கலுக்குள்ளேயே மறுபடி கொப்பளிக்கும். செலவும் அவர்களுக்கு வீண், மனஸ்தாபமும் மிச்சம்.

காய்ந்ததும் சுத்தியலால் தட்டி, பொள்ளலாக இருக்கும் காரையை முழுவதும் எடுத்துவிட வேண்டும். கம்பி தெரிந்தால், துரு பிடித்த பகுதி முடிந்து நல்ல இரும்பு தெரியும் வரை திறந்து, கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்கு இடம் செய்து, ஒயர் பிரஷ்ஷால் துருவை எடுத்து, துத்தநாகப் பிரைமர் அடிக்க வேண்டும். நம் பக்கம் கடல் காற்றும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து கம்பியைத் தின்கின்றன. துருவை அரைகுறையாக விட்டு மேலே பூசினால் துரு ஊதிப் பூச்சைத் தள்ளிவிடும். பிறகு எஸ்பிஆர் கலந்த சிமெண்ட் பால் ஒரு கை, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே பாலிமர் மார்ட்டர், ஒரு தடவைக்கு 10, 12 மி.மீ.க்கு மேல் ஏற்றாமல். கம்பியின் விட்டம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தால், கால் பங்குக்கு மேல் போயிருந்தால், பூச்சு வேலையோடு விடாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டுங்கள்.

இதே பிரச்சினையோடு இந்த இழைக்கு வரும் புது வீட்டுக்காரர்களுக்கு ஒன்று: வீட்டை ஒப்படைத்து 5 வருடத்துக்குள் வேலைக் குறை தெரிந்தால், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 14(3) பிரிவுப்படி பில்டர் 30 நாளுக்குள் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும். உடைப்பதற்கு முன்னால் எழுத்தில் தெரிவியுங்கள், நீலத் தண்ணீர் சோதனையைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.